ஜமாபந்தி நடக்காத பெட்டி

2023 மே 3, புதன்கிழமை காலை. திரையில் ஒரு சதுர அடைப்பு, அதற்குள் நான்கு இடங்கள். முதல், இரண்டாம், நான்காம் இடங்களில் 'யூ' என்னும் ஆங்கில எழுத்து. மூன்றாம் இடத்தில் எழுத்து இல்லை, ஓர் அடிக்கோடு. லினக்ஸ் இயங்குதளம் தன் ரெய்டு தொகுப்பின் நலத்தைச் சொல்லும் முறை இது. 'யூ' என்றால் டிஸ்க் பணியில் இருக்கிறது. அடிக்கோடு என்றால் விலக்கப்பட்டுவிட்டது. கல்வெட்டுப் படிப்பவர்களுக்குப் பழகிய காட்சிதான். சிதைந்த எழுத்துக்குப் புள்ளியோ கோடோ இட்டு மேலே செல்வோம். சிதைந்தது எதனால் என்று பிறகு பார்ப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த டிஸ்குகளைத் தாங்கிய பெட்டிக்குள் இருந்தது எது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மதுரையைச் சுற்றிய சமவெளிக் கிராமங்களின் பழைய கணக்குகள். 1980 நவம்பரில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம் பதவியை ஒழித்தது. பரம்பரையாகக் கிராமக் கணக்கு எழுதி வந்தவர்கள் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். அலுவலகப் பிரதிகள் தாலுகாவுக்குப் போயின. வீட்டில் வைத்திருந்த கைப்பிரதிகள், குறிப்பேடுகள், சில இடங்களில் ஓலைக் கட்டுகள்கூடப் பரணிலேயே தங்கிவிட்டன. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் அவற்றைத் தேடிப் படமெடுப்பதுதான் என் வேலை. எந்தக் கண்மாயின் எந்த மடையில் யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பதை வேறெந்த ஆவணமும் அவ்வளவு நெருக்கமாகச் சொல்லாது. 82,640 படங்கள், ஏறத்தாழ ஆறரை டெராபைட். தல்லாகுளம் பக்கத்து மாடி அறையில், ஆளுக்கு 4 டெராபைட் கொண்ட நான்கு டிஸ்குகளில் அவை பரவிக் கிடந்தன. கையடக்க டிஸ்குகளில் இன்னொரு பிரதியும் உண்டு. ஆனால் அது 2020 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. ஊரடங்கு வந்தது, பழக்கம் அறுந்தது.

நான்கில் ஒன்று போனாலும் மீதி மூன்றைக் கொண்டு எல்லாவற்றையும் மீட்கலாம் என்பது ரெய்டின் வாக்குறுதி. அதை விளக்கக் கர்ணத்தின் அடங்கலே போதும். அடங்கல் என்பது சர்வே எண் வாரியாக நிலத்தில் என்ன விளைந்தது, எவ்வளவு தீர்வை என்று எழுதும் கிராமக் கணக்கு. ஒரு வரியில் மூன்று தொகைகள், கடைசிப் பத்தியில் கூட்டுத்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றைக் கரையான் அரித்துவிட்டால், கூட்டுத்தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் அது வந்துவிடும். கூட்டுத்தொகையையே அரித்திருந்தால் மறுபடி கூட்டிக்கொள்ளலாம். ஒரே வரியில் இரண்டு இடம் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ரெய்டில் அந்தக் கூட்டுத்தொகைக்குப் பெயர் பாரிட்டி. பத்தின் அடுக்கில் கூட்டாமல், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டையா ஒற்றையா என்று மட்டும் குறிக்கும் கணக்கு அது. இன்னொரு வேறுபாடும் உண்டு: கூட்டுத்தொகைப் பத்தி ஒரே டிஸ்கில் இராது, வரிக்கு வரி இடம் மாறிக்கொண்டிருக்கும்.

இந்த எண்ணம் பழையது. ஐபிஎம் நிறுவனத்தின் நார்மன் கென் ஓச்சி பழுதான நினைவகத்தின் தரவை மற்றவற்றிலிருந்து மீட்கும் முறைக்கு 1978-ல் காப்புரிமை பெற்றார். 1988-ல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைதான் அதற்கு ரெய்டு என்று பெயரிட்டு ஐந்து படிநிலைகளாக வகுத்தது. எங்கள் பெட்டியில் இருந்தது ஐந்தாம் நிலை.

புதிய டிஸ்க் வாங்க வேண்டும். ஆனால் அந்த வாரம் சித்திரைத் திருவிழா. வியாழக்கிழமை எதிர்சேவை, வெள்ளிக்கிழமை அழகர் வைகையில் இறங்கினார். எங்கள் தெருவில் நடந்துகூட வெளியேற முடியாது. கடைகள் அடைத்திருந்தன. இதற்கிடையே, புதன்கிழமை பிற்பகலில், மேலூர்ப் பக்கத்து ஒரு வீட்டில் எடுத்து வந்த 412 புதிய படங்களை உதவியாளர் வழக்கம்போலப் பெட்டியில் ஏற்றிவிட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். இந்த 412 படங்கள் பின்னால் ஒரு முக்கியத் தடயமாகும் என்று அன்று தெரியாது.

மே 8, திங்கட்கிழமை காலை. சிம்மக்கல் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் பெட்டியை அணைத்து, மூன்றாம் டிஸ்கை உருவிப் புதியதைச் செருகிவிட்டுப் போனார். 10:20-க்கு மீளமைப்புத் தொடங்கியது. மூன்று டிஸ்குகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, விடுபட்டதைக் கணக்கிட்டுப் புதியதில் எழுதும் வேலை. பிற்பகல் 3:02-க்கு, 61 விழுக்காட்டில், நின்றது. சதுர அடைப்பைப் பார்த்தேன். இப்போது இரண்டு அடிக்கோடுகள். நான்காம் டிஸ்கும் விலக்கப்பட்டிருந்தது. ஒரே வரியில் இரண்டு இடம்.

அன்று மாலை தொலைபேசியில் கிடைத்த அறிவுரைகளில் ஒன்று என்னை இன்றும் நடுங்கவைக்கிறது. தொகுப்பைப் புதிதாக உருவாக்கும் கட்டளையை அதே டிஸ்குகள்மேல் கொடுத்தால் எல்லாம் திரும்பிவிடும் என்றார் ஒருவர். வரிசையும் அளவுகளும் இம்மி பிசகாமல் பொருந்தினால் சில வேளை திரும்பும். பிசகினால் பழைய அடையாளக் குறிப்புகள்மேல் புதியவை எழுதப்பட்டுவிடும். பிறகு எது எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சியே இராது. மலைக்குகைக் கல்வெட்டைப் படிக்கப் போகிறவர் கல்லில் உளியை வைப்பதில்லை. காகிதத்தை ஒற்றி மைப்படி எடுத்துக்கொண்டு, கீழே வந்து படிக்கிறார். நானும் பெட்டியை அணைத்தேன். உருவிய பழைய டிஸ்க் உட்பட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கடன் வாங்கிய பெரிய டிஸ்குகளில் முழு நகல் எடுத்தேன். அதற்கு டிடிரெஸ்கியூ என்றொரு நிரல் உண்டு. படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துவைத்து, பின்னர் பொறுமையாகத் திரும்பி வரும். மூன்று டிஸ்குகளுக்கு ஆளுக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம் ஆயிற்று. நான்காவதற்கு மூன்று நாள்.

அந்த நாட்களில்தான் விசாரணையைத் தொடங்கினேன். முதல் ஐயம் புதிய டிஸ்க்மேல் விழுந்தது. தடங்களை ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் வகை டிஸ்குகள் உண்டு. மீளமைப்பின்போது அவை தடுமாறுவது 2020-ல் உலகெங்கும் பெரிய சச்சரவானது. புதியதன் மாதிரி எண்ணைப் பார்த்தேன். அந்த வகை அல்ல. முழுவதும் எழுதிப் படித்தும் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. அதை விட்டேன்.

இரண்டாம் ஐயம் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. இயங்குதளம் டிஸ்குகளைச் சுழியத்திலிருந்து எண்ணும். அதன் கணக்கில் இரண்டு என்பது நம் கணக்கில் மூன்றாவது. வந்த இளைஞர் ஒன்று தள்ளி உருவியிருந்தால்? நல்ல டிஸ்க் வெளியே, கெட்டது உள்ளே என்று ஆகியிருந்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது. தொலைபேசியில் கேட்டேன்.

"தம்பி, எந்த டிஸ்க உருவுனீங்க, நிச்சயமாத் தெரியுமா?"

"மூணாவது சார். ஸ்டிக்கர நம்பல, சீரியல் நம்பர் பாத்துத்தான் உருவுனேன். நீங்க வேணா லாக்குல இருக்குற நம்பரோட ஒத்துப் பாருங்க."

ஒத்துப் பார்த்தேன். விலக்கப்பட்ட டிஸ்கின் வரிசை எண்ணை இயங்குதளத்தின் நிகழ்வுப் பதிவான கெர்னல் லாக் எழுதிவைத்திருந்தது. மேசைமேல் கிடந்த டிஸ்கின் சீட்டிலும் அதே எண். அவர் சொன்னது சரி. இன்னும் சொல்லப்போனால், அவரைக் கேட்காமலேயே இதை நான் முடிவுகட்டியிருக்க வேண்டும். தவறான டிஸ்கை உருவியிருந்தால் அந்த நிமிடமே இரண்டு இடம் காலியாகியிருக்கும். மீளமைப்புத் தொடங்கியே இருக்காது. 61 விழுக்காடுவரை ஓடியது என்பதே அவருக்குச் சாதகமான சாட்சி. சான்றைச் சரியாக எடைபோடாமல் ஒருவர்மேல் ஐயப்பட்டேன்.

சரியான டிஸ்க்தான் உருவப்பட்டது என்றால், அது எதனால் செத்தது? ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். எண்ணிட்ட பத்திகள் கொண்ட சிறு பேரேடு அது. 5-ஆம் பத்தி, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது தரவு எழுதும் மிகச்சிறு அலகுகள்: சுழியம். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை: சுழியம். 199-இல் மட்டும் 2,316 என்று இருந்தது. அந்தப் பத்தி டிஸ்கின் நோயைச் சொல்வதல்ல. டிஸ்குக்கும் பலகைக்கும் இடையே பயணப்பட்ட தரவு வழியில் கெட்டதை எண்ணுவது. வழி என்றால் கேபிள். மூன்றாம் இடத்துக் கேபிளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். முனையின் பிடிப்புத் தகடு தளர்ந்திருந்தது. புதன்கிழமை அதிகாலை 2:14-க்கு நேர்ந்தது டிஸ்கின் சாவு அல்ல, ஒரு தொடர்பு அறுந்தது. செத்ததாக எழுதி விலக்கிய டிஸ்க் முழு நலத்தோடு என் மேசைமேல் கிடந்தது.

நான்காவதன் பேரேடு வேறு கதை சொன்னது. 197-ஆம் பத்தியில் 96. ஒவ்வொரு செக்டரும் 512 பைட்டாக எண்ணப்பட்டவை. எட்டு எட்டாகச் சேர்ந்து பன்னிரண்டு கட்டங்கள், மொத்தம் 48 கிலோபைட். நான்கு டெராபைட்டில் இது ஒரு கண்மாயில் ஒரு சொட்டுகூட அல்ல. ஆனால் அந்தச் சொட்டில் டிஸ்க் மாட்டிக்கொண்டது. தொகுப்புகளுக்கென்று செய்யப்படும் டிஸ்குகள் ஓரிடம் படியவில்லை என்றால் பொதுவாக 7 வினாடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். கூட்டுத்தொகையிலிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்று அவற்றுக்குத் தெரியும். வீட்டு உபயோக டிஸ்குக்கு அந்தப் பின்பலம் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று விடாமல் முயலும். லினக்ஸோ வழக்கமாக 30 வினாடிதான் பொறுக்கும். பதில் வராவிட்டால் இணைப்பைத் துண்டித்து மீண்டும் தொடங்கும். அப்படியும் பதில் இல்லையென்றால் டிஸ்கையே விலக்கிவிடும். எங்கள் நான்கும் வீட்டு உபயோக டிஸ்குகள். 2016-ல் விலை பார்த்து நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

இனி மீட்பு. ஒவ்வொரு டிஸ்கின் தொடக்கத்திலும், 4,096 பைட் தள்ளி, ஒரு சிறு அடையாளக் குறிப்பு இருக்கும். சூப்பர்பிளாக் என்பார்கள். எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, அதில் எத்தனாவது இடம், கடைசியாக எப்போது எழுதப்பட்டது, இதுவரை எத்தனை நிகழ்வு கண்டது என்று நான்கும் அதில் உண்டு. கல்வெட்டின் தலைப்பில் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் வருவது போல. அந்த நிகழ்வு எண்ணைத்தான் நான் ஆட்சியாண்டாகக் கொண்டேன். முதல் இரண்டு டிஸ்குகளில் 18,965. நான்காவதில் 18,961. விலக்கப்பட்ட மூன்றாவதில் 18,402, தேதி மே 3, அதிகாலை 2:14. ஆக, மூன்றாவது ஒரு பழைய பிரதி. அன்று அதிகாலை வரையிலான உலகம் மட்டும் அதற்குத் தெரியும். புதன் பிற்பகலில் ஏற்றிய 412 படங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நான்காவதற்கு எல்லாம் தெரியும், பன்னிரண்டு கட்டம் தவிர.

சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இந்த இடம் வந்ததும் மூச்சு சீராகும். இரண்டு சுவடிகளும் சிதைந்தவைதான், ஆனால் சிதைவு ஒரே இடத்தில் இல்லை என்றால் ஒரு முழு நூல் கிடைக்கும். கேள்வி ஒன்றே: அந்தப் பன்னிரண்டு கட்டங்களில், விலக்கப்பட்ட மூன்றாவதன் சாட்சியை நம்பலாமா?

இதே மதுரையில், எட்டாம் நூற்றாண்டில், இப்படியொரு வழக்கு நடந்திருக்கிறது. வேள்விக்குடிச் செப்பேடு சொல்வது அது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டில் காமக்காணி நற்சிங்கன் என்பவர் மன்னனிடம் முறையிட்டார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தம் முன்னோருக்குக் கொடுத்த ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோனது என்றார். மன்னன் உடனே நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த உரிமையின் பழமையைச் சான்றோடு காட்டிப் பெற்றுக்கொள் என்றான். அவர் காட்டினார். கொடை மீண்டது. நீண்ட இடைவெளிக்குப் பின் பழைய உரிமை கேட்டு வருபவரைச் சோதிப்பதற்கு இதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதையும் பழமை காட்டச் சொன்னேன். பழுதான கட்டங்கள் இரண்டு குழிகளாகக் கிடந்தன, ஒன்றில் ஒன்பது, மற்றொன்றில் மூன்று. ஒவ்வொரு குழியின் இருபுறமும் பத்தாயிரம் கட்டங்கள், நான்காவது நன்றாகப் படித்தவை, எடுத்துக்கொண்டேன். முதல், இரண்டு, மூன்று ஆகிய டிஸ்குகளை மட்டும் வைத்து நான்காவது அங்கே என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டேன். பிறகு அது உண்மையில் சொன்னதோடு ஒப்பிட்டேன். மொத்தம் 40,000 கட்டங்கள். 40,000-மும் ஒத்தன.

இதுவும் போதாது என்று ஒரு மனம் சொன்னது. குழிக்கு அக்கம்பக்கம் மாறாதிருந்தாலும் குழி இருக்கும் இடத்தில் மட்டும் புதன்கிழமை எழுத்து விழுந்திருக்கலாமே? அதனால் ஒப்பீட்டை நான்கு டெராபைட் முழுவதற்கும் ஓட்டினேன். ஓர் இரவும் ஒரு பகலும் ஓடியது. ஒவ்வாத இடங்கள் சுமார் 11 ஜிகாபைட் வந்தன. பாட வேறுபாடுகளைத் தொகுப்பது போல அவற்றின் இருப்பிடங்களை வரிசைப்படுத்தினேன். அவை எல்லாம் 412 படங்கள் உட்கார்ந்த பகுதியிலும், கோப்பு முறைமை தன் நாட்குறிப்பை எழுதும் பகுதிகளிலும் திரண்டிருந்தன. குழிகள் இரண்டும் 2017-ல் எழுதப்பட்ட பகுதியில், மிகத் தொலைவில் இருந்தன. அங்கு ஆறு ஆண்டுகளாக யாரும் கைவைத்ததற்குத் தடயம் இல்லை.

பன்னிரண்டு கட்டங்களையும் கணக்கிட்டு நான்காவதன் நகலில் நிரப்பினேன். அசலைத் தொடவில்லை. முதல், இரண்டு, நான்கு ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்துத் தொகுப்பை எழுதா நிலையில் எழுப்பினேன். அடைவுகள் விரிந்தன. மே 24, மாலை ஆறு மணி வாக்கில் என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. 2020 வரையிலான படங்களுக்குச் சரிபார்ப்புத் தொகைப் பட்டியல் ஒன்று இருந்தது. எல்லாம் பொருந்தின. பிந்தியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஒரே ஒரு படத்தின் அடியில் சாம்பல் பட்டை. நெஞ்சு அடைத்தது. களக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தபோது அதே படத்தின் எண்ணுக்கு எதிரே, 2021-ல், உதவியாளர் எழுதியிருந்தார்: அட்டை நிறைந்தது, மீண்டும் எடுக்கவும். மீண்டும் எடுத்த படம் அடுத்த எண்ணில் நலமாக இருந்தது.

இத்தோடு மீட்பு முடிந்தது. வழக்கு முடியவில்லை. கேபிள் தளர்ந்தது தற்செயல். ஆனால் நான்காவது எப்போதோ பழுதாகியிருக்கிறது. அது ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை?

இப்படி மறைந்து கிடக்கும் பழுதை ஆய்வாளர்கள் உள்ளுறைப் பிழை என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். லட்சுமி என். பைரவசுந்தரமும் உடன் ஆய்வாளர்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு மைல்கல். 15.3 லட்சம் டிஸ்குகளை 32 மாதம் கவனித்ததில் 3.45 விழுக்காட்டில் இத்தகைய பிழை தோன்றியிருந்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை வெளிப்பட்டது, யாரும் கேட்காமலே டிஸ்க் முழுவதையும் ஒழுங்காகப் படித்துப் பார்க்கும் சோதனை ஓட்டத்தால். 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளைப் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று வீட்டு உபயோக டிஸ்குகளின் விவரத்தாள்கள் சொல்வதை வைத்து, 12.5 டெராபைட் படித்தால் ஒன்று நிச்சயம் என்று பலர் எழுதுகிறார்கள். எங்கள் மீளமைப்பு 12 டெராபைட் படிக்க வேண்டியிருந்ததால் நானும் முதலில் அதையே காரணமாகக் குறித்துவைத்தேன். பிறகு அடித்தேன். அது தாண்டக் கூடாத மேல்வரம்பு, எதிர்பார்ப்பு அல்ல. மேலும் எங்கள் பிழைகள் சிதறி வரவில்லை, இரண்டு குழிகளாகத் திரண்டிருந்தன. அது பழைய காயம்.

பழைய காயத்தைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு பெட்டியிலேயே இருந்தது. அதில் நிறுவியிருந்த டெபியன் என்னும் லினக்ஸ் வகை தானாகவே அதைச் செய்து தந்திருந்தது: ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு கடந்து 12:57-க்கு, தொகுப்பு முழுவதையும் படித்துக் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும். படியாத இடம் தென்பட்டால் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு அங்கேயே திருத்தியும் விடும். நான்காவதன் பன்னிரண்டு கட்டங்களும் அப்படியே, யாருக்கும் தெரியாமல், நேராகியிருக்கலாம். இல்லையென்றால், மற்ற மூன்றும் நலமாக இருந்தபோதே அது விலக்கப்பட்டுக் குறை வெளிப்பட்டிருக்கும். நேரப் பட்டியல் கோப்பைத் திறந்தேன். கட்டளை இருந்தது, ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஓடியதா? லாக்குகள் சில வாரங்களுக்குமேல் நிற்பதில்லை, பழையவை தானாக அழியும். இருந்த வாரங்களில் சரிபார்ப்பு பற்றி ஒரு வரியும் இல்லை. ஏழாண்டுக்கு இது போதாது. மறுபடி ஸ்மார்ட் பேரேட்டுக்குப் போனேன். 9-ஆம் பத்தி, டிஸ்க் மின்சாரத்தில் இருந்த மணி நேரம்: 43,870. 2016 ஜூன் நடுவிலிருந்து இடைவிடாமல் ஓடியிருந்தால் அது 60,000-ஐத் தொட்டிருக்க வேண்டும். 16,000 மணிக்கு மேல் குறைகிறது. 12-ஆம் பத்தி, அணைத்துப் போட்ட தடவை: 371. நிறுவியதிலிருந்து அன்றுவரை 359 வாரங்கள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். வாரத்துக்கு ஒரு முறை.

மின்வெட்டாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். ஆனால் மின்வெட்டு இவ்வளவு ஒழுங்காக வராது. கீழே இறங்கிப் போய் அறையின் சாவியை வைத்திருப்பவரிடம் கேட்டேன்.

"அண்ணே, வாரக் கடைசில மாடில மெயின அமத்துறீங்களா?"

"சனிக்கிழம சாயந்தரம் அமத்திட்டுத்தான் சார் போவேன். நீங்க வாரதுக்கு முன்னாடி கீழ வயரு பத்திக்கிருச்சுல்ல, அதுல இருந்து எழுதி வச்சுக் கையெழுத்தும் போட்டு வாறேன்."

சாவிப் பதிவேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நீள நோட்டு, பத்திக் கோடுகள் அவரே அடிகோல் வைத்து இழுத்தவை. தேதி, பூட்டிய நேரம், மெயின் ஆஃப், கையெழுத்து. 2016 ஜூலை முதல் 2023 மே வரை 83 முதல் ஞாயிறுகள். ஒவ்வொன்றுக்கும் முந்தைய சனிக்கிழமையைத் தேடினேன். 76-இல் 'மெயின் ஆஃப்' என்று தெளிவான கையெழுத்து. நான்கு, ஊரடங்கு மாதங்கள். அறையே பூட்டிக் கிடந்தது. மூன்றில் பத்தி வெறுமையாக இருந்தது, மூன்றும் அவர் விடுப்பில் போன நாட்கள். அந்த மூன்று ஞாயிறுகளில் சரிபார்ப்பு ஓடியிருக்கக்கூடும் என்றே கொள்கிறேன். கடைசி வெற்றுப் பத்தி 2019 நவம்பரில். நான்காவதன் காயம் அதற்குப் பின் நேர்ந்தது என்பதுதான் சான்றுகள் இடம்தரும் முடிவு. ஏழாண்டு மறைந்திருந்தது என்று முதல் அறிக்கையில் எழுதியிருந்தேன். மிஞ்சினால் மூன்றரை ஆண்டு என்று திருத்தினேன்.

பெட்டி தன் கடமைக்குத் தயாராகக் குறித்துவைத்த நேரம் ஞாயிறு 12:57. அவர் தன் கடமையைச் செய்து முடித்த நேரம் சனி மாலை 6. தீ விபத்தைக் கண்டவர் அவர். அவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கடமைகளும் ஒன்றையொன்று அறியாதிருந்தன. அறிந்திருக்க வேண்டியவன் நான்.

என் பெட்டியில் இருந்த கிராமக் கணக்குகளின் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒரு சரிபார்ப்புக் குறி இருக்கும். பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு. அது தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் வரும். பசலி முடியும் தறுவாயில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கர்ணம் தன் கணக்குகளைக் கட்டித் தூக்கிப் போவார். மேலதிகாரி கிராமம் கிராமமாக வரி வரியாய்ப் பார்த்து ஒப்பமிடுவார். கூட்டுத்தொகைப் பத்தி பொருளுடையதாக இருந்தது அந்த ஒப்பத்தால்தான். அப்படி ஒப்பமிட்ட ஏடுகளை 1426 முதல் 1432 வரை ஏழு பசலியாகப் படமெடுத்து அடுக்கிக்கொண்டே போனேன். அவற்றைச் சுமந்த பெட்டிக்கு அதே ஏழு பசலியில் மூன்று தடவைக்குமேல் ஜமாபந்தி நடக்கவில்லை.

இப்போது சரிபார்ப்பு ஓடுவது மாதத்தின் முதல் புதன்கிழமை காலை 11 மணிக்கு, அறையில் ஆள் இருக்கும்போது. டிஸ்குகள் ஐந்து, அவற்றில் இரண்டு போனாலும் தாங்கும், அந்த ஐந்துக்குப் பின்னர் சேர்ந்த ஆறாம் நிலை ரெய்டு. 7 வினாடியில் கைவிடத் தெரிந்தவை. மாதந்தோறும் புதுப்பிக்கும் கையடக்கப் பிரதி வேறொரு வீட்டில் இருக்கிறது. ரெய்டு ஒருபோதும் அந்தப் பிரதிக்கு மாற்று ஆகாது. சாவிப் பதிவேட்டில் அண்ணன் இன்னொரு பத்தி கோடிழுத்திருக்கிறார்: 'செக் முடிந்த நேரம்'. சிம்மக்கல் இளைஞரிடம் நேரில் போய் வருத்தம் சொன்னேன். விலக்கப்பட்ட மூன்றாம் டிஸ்கை நான் அழிக்கவில்லை. சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியிலோ, நூலகத்திலோ, கோயில் அலுவலகத்திலோ இப்படியொரு பெட்டி இருந்தால், அது கடைசியாக எந்தத் தேதியில் முழுதும் படித்துச் சரிபார்க்கப்பட்டது என்று கேளுங்கள். தேதி சொல்ல ஆள் இல்லையென்றால், டிஸ்க் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு முழுப் பிரதி எடுத்துவிடுங்கள்.